தரவின் விரைவும் நியமங்களின் வரலாறும்

கணினியின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் அதன் கணிக்கும் ஆற்றலைப் பற்றியே பேசுவர். ஒரு விநாடியில் எத்தனை கோடிக் கணக்குகளை அது செய்கின்றது என்பதும், அதன் மூளை எத்துணைச் சிறிதாகிவிட்டது என்பதுமே வியப்புக்குரிய செய்திகளாகின்றன. ஆயின், நாள்தோறும் கணினியைக் கையாளும் ஒருவர் பொறுமையிழப்பது கணக்குப் போடும் வேளையிலன்று. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தரவு செல்லும் வேளையிலேயாம். புதிதாக வாங்கிய சேமிப்புச் சாதனத்தின் பெட்டியிலே பெரியதோர் எண் அச்சிடப்பட்டிருக்கின்றது. அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தால், அவ்வெண்ணிற் பத்தில் ஒரு பங்கு விரைவுதானும் சில வேளைகளிற் கிட்டுவதில்லை. பெட்டியில் அச்சிட்டவர் பொய் சொன்னாரா? பெரும்பாலும் இல்லை. அவர் சொன்னது முழு உண்மையன்று என்பதே சரியாகும். அந்த முழு உண்மையை அறிய விரும்புவோர் ஏறக்குறைய எழுபது ஆண்டுகால வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

வரலாற்றினுட் புகுமுன், ஓர் உவமையை மனத்திற் கொள்வோம். குளத்திலே நீர் தேங்கி நிற்கின்றது. அதனைத் திறந்துவிடும் துருசு ஒன்றுண்டு. துருசிலிருந்து வயலுக்கு வாய்க்கால் செல்கின்றது. வயலுக்கு ஒரு நாழிகையில் எவ்வளவு நீர் சேரும் என்பதைக் குளத்தின் பரப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. துருசின் அகலம் மட்டும் தீர்மானிப்பதுமில்லை. இம்மூன்றினுள் எது மிக ஒடுங்கியதோ, அதுவே தீர்மானிக்கின்றது. கணினியிலும் இவ்வாறே. தரவைத் தேக்கி வைக்கும் வன்தட்டு முதலியன குளம் போன்றவை. அவற்றைக் கணினியோடு பிணைக்கும் வடமும், வடம் பொருந்தும் துறையும், அவ்விரண்டும் எவ்வாறு உரையாடவேண்டும் என வகுத்துரைக்கும் நியமமும் துருசும் வாய்க்காலும் போன்றவை. கணினியின் தரவு விரைவின் வரலாறு என்பது, இந்த ஒடுங்கிய இடம் காலத்துக்குக் காலம் இடம் மாறிவந்த வரலாறேயாகும்.

இவ்வரலாறு ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்குகின்றது என்பது நம்மிற் பலருக்கு மகிழ்ச்சியளிக்கும் செய்தியாகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே உயர்நிலைப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பித்தவர் ரெனோல்ட் ஜோன்சன். மாணவர் பென்சிலாற் குறியிட்ட விடைத்தாள்களைத் தாமாகவே திருத்தும் பொறியொன்றை அவர் அமைத்தார். பென்சிற் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதே அதன் அடிப்படை. அப்பொறியின் உரிமையை ஐ.பி.எம். நிறுவனம் வாங்கியதோடு, 1934 ஆம் ஆண்டில் அவரையும் பொறியியலாளராகச் சேர்த்துக்கொண்டது. 1952 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. அங்கு அவருடைய குழுவினர் உருவாக்கிய சாதனமே 1956 செப்டெம்பரில் வெளியான ஐ.பி.எம். 350 என்னும் முதலாவது வணிக வன்தட்டு. அது 'ரமாக்' எனப் பெயர்பெற்ற கணினியின் ஓர் அங்கமாக அமைந்தது.

அதற்கு முன்னர் வணிக நிலையங்களின் கணக்குகள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும் கிடந்தன. நாடாவின் நடுவிலுள்ள ஒரு செய்தியைப் படிக்க அதற்கு முன்னுள்ள நாடா முழுவதையும் சுற்றியாக வேண்டும். ரமாக்கின் தட்டுகளோ, வேண்டிய இடத்துக்கு நேரே சென்று வேண்டியதை எடுக்க இடந்தந்தன. இருபத்துநான்கு அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகள், நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. ஏறக்குறைய ஒரு தொன் நிறையுடைய அச்சாதனம் தேக்கி வைத்தது 50 இலட்சம் எழுத்துகளை. இன்றைய அளவையிற் கூறின், நான்கு மெகாபைற்றுக்கும் சற்றுக் குறைவு. ஓரிடத்தைத் தேடிச் செல்ல அதற்குச் சராசரி ஆறு பத்தில் ஒரு பங்கு விநாடி, அதாவது 0.6 விநாடி ஆயிற்று. தேடிய பின்னர் விநாடிக்கு 8,800 எழுத்துகளை அது தந்தது.

இவ்வெண்களை இன்றைய எண்களோடு ஒப்பிடுவோர் ஒரு புதுமையைக் காண்பர். இன்று 20 தெராபைற்று கொள்ளும் வன்தட்டு கடையிற் கிடைக்கின்றது. கொள்ளளவு ஐம்பது இலட்சம் மடங்குக்கு மேற் பெருகிற்று. அது தரவைத் தரும் விரைவு விநாடிக்கு 250 மெகாபைற்று எனக் கொண்டால், விரைவு பெருகியது ஏறக்குறைய 38,000 மடங்கு. ஓரிடத்தைத் தேடி அடையும் நேரமோ ஐம்பதில் ஒரு பங்காக மட்டுமே குறைந்தது. தட்டின் சுழற்சி நிமிடத்துக்கு 1,200 இலிருந்து, பரவலாக வழங்கும் 7,200 வரை, ஆறு மடங்கே உயர்ந்தது. இதன் விளைவு யாது? ரமாக்கிலுள்ள அனைத்தையும் தொடர்ச்சியாகப் படித்து முடிக்கக் கணக்குப்படி பத்து நிமிடம் போதும். இன்றைய 20 தெராபைற்று வன்தட்டைப் படித்து முடிக்க இருபத்திரண்டு மணிநேரம் வேண்டும். குளம் கடலாயிற்று, துருசு அந்த அளவுக்கு அகலவில்லை. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு, வடங்களின் கதைக்கு வருவோம்.

தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்தின் கணினி, அதே நிறுவனத்தின் சாதனத்தோடு மட்டுமே பேசும். வன்தட்டை ஒருவரிடமும் கணினியை இன்னொருவரிடமும் வாங்குவது எண்ணியும் பார்க்கவியலாத காரியம். ஏன், ஒரே நிறுவனத்தின் இருவேறு கணினிகளுக்கிடையே கூடச் சாதனங்களை மாற்றிக்கொள்வது அரிதாக இருந்தது. இந்நிலையை மாற்றியது 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். அறிவித்த 'சிஸ்டம் 360' என்னும் கணினிக் குடும்பம். சிறியதாயினும் பெரியதாயினும் அக்குடும்பத்துக் கணினிகள் யாவற்றுக்கும் சாதனங்களைப் பொருத்தும் முறை ஒன்றே என வகுக்கப்பட்டது. தன் வசதிக்காக அந்நிறுவனம் செய்த இவ்வொழுங்கு, பிறர்க்கும் வாயிலைத் திறந்துவிட்டது. பொருத்தும் முறை ஒன்றாயின், அம்முறைக்கு இயைந்த சாதனத்தைப் பிற நிறுவனங்களும் செய்யலாமன்றோ? 1960களின் பிற்பகுதியில் அவ்வாறே செய்தனர். விலை குறைந்தது, போட்டி வளர்ந்தது, வழக்குகளும் எழுந்தன. துருசின் அளவைப் பலரும் அறிந்துகொண்டால் குளத்தை யாரும் வெட்டலாம் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

இதனை நன்கு உணர்ந்தவர்களுள் ஒருவர் அலன் ஷுகார்ட். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திலே தொழில் பயின்ற அவர், 1973 இல் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் அதனின்று விலகி, 1979 இல் பினிஸ் கொன்னர் என்பவரோடு சேர்ந்து மற்றொன்றைத் தொடங்கினார். அதுவே இன்றைய சீகேற் நிறுவனம். 1980 இல் அவர்கள் வெளியிட்ட எஸ்.டி. 506 என்னும் வன்தட்டு, மேசைக் கணினிக்குள் அடங்கும் அளவினதாய், ஐந்து மெகாபைற்று கொள்வதாய் அமைந்தது. அச்சாதனம் மறைந்த பின்னரும் அதனைக் கணினியோடு பிணைத்த முறை நெடுங்காலம் நிலைத்தது. பிற உற்பத்தியாளரும் அதனையே பின்பற்றினர். ஷுகார்ட்டின் முந்திய நிறுவனம் வகுத்த மற்றொரு பிணைப்பு முறை, பல நிறுவனத்தார் கூடிய நியமக் குழுவொன்றினால் ஆராயப்பெற்று, 1986 இல் 'ஸ்கசி' என்னும் பெயரில் அமெரிக்கத் தேசிய நியமமாயிற்று. ஒருவருடைய தனிச்சொத்து பொதுச்சொத்தாகும் வழி இதுவே.

அக்காலத்தில் ஒடுங்கிய இடம் எது? தட்டுமன்று, வடமுமன்று, கணினியே. 1983 இல் ஐ.பி.எம். வெளியிட்ட எக்ஸ்.டி. என்னும் மேசைக் கணினியில் பத்து மெகாபைற்று வன்தட்டு இருந்தது. அத்தட்டு விநாடிக்கு அறுபது முறை சுழன்றது. ஒவ்வொரு தடத்திலும் பதினேழு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் 512 பைற்றுகள். சுழலும் விரைவுக்கேற்பத் தொடர்ந்து படிப்பின், விநாடிக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பைற்றுகள் கிடைத்திருக்கும். ஆயின் முதற் பகுதியைப் பெற்ற கணினி, அதனை விழுங்கி முடிக்குமுன் இரண்டாம் பகுதி தலையைக் கடந்து போய்விடும். மீண்டும் அது சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குப் பொறியியலாளர் கண்ட வழி எளிமையானது. பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிடாது, இடைவெளி விட்டு எண்ணிட்டனர். முதற் பகுதிக்கு அடுத்துள்ள ஐந்தைத் தாண்டி ஆறாவது இடத்தில் இரண்டாம் பகுதி வைக்கப்பட்டது. ஆதலால் ஒரு தடத்தை முழுமையாகப் படிக்க ஆறு சுற்றுகள் வேண்டியதாயிற்று. கிடைத்த விரைவு விநாடிக்கு ஏறக்குறைய 87,000 பைற்றுகள் மட்டுமே. அந்த இடைவெளியை விடாது எண்ணிட்டிருந்தால் பதினேழு சுற்றுகள் ஆகியிருக்கும். விரைவு மேலும் மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கும். வேகமாகக் கொடுப்பவன் மெதுவாக வாங்குபவனுக்காகத் தன் நடையைக் குறைத்துக்கொண்டமையாலேயே காரியம் விரைந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

1986 ஆம் ஆண்டளவில் மற்றொரு மாற்றம் நேர்ந்தது. வன்தட்டை ஆளும் மின்சுற்றுப் பலகை அதுவரை கணினிக்குள் தனியே இருந்தது. கொம்பாக், வெஸ்டேர்ன் டிஜிற்றல், கொன்னர் முதலிய நிறுவனங்கள் அப்பலகையை வன்தட்டின் உடலோடே சேர்த்துவிட்டன. தட்டின் உட்புற இயல்புகளைக் கணினி அறியவேண்டிய தேவை ஒழிந்தது. 'இந்த எண்ணுடைய பகுதியைத் தா' எனக் கேட்டாற் போதும். ஐ.டி.ஈ. என்றும் ஏ.டி.ஏ. என்றும் வழங்கப்பெற்ற இம்முறை 1994 இல் முறைப்படி நியமமாக ஏற்கப்பட்டது. நாற்பது கம்பிகளைக் கொண்ட பட்டையான சாம்பல் நிற வடத்தைப் பழைய கணினிகளைத் திறந்து பார்த்தோர் மறந்திருக்கமாட்டார்.

அவ்வடத்தில் பதினாறு கம்பிகள் ஒரே வேளையிற் பதினாறு பிற்றுகளைச் சுமந்தன. பல கம்பிகள் இருப்பின் விரைவு மிகும் என்பது இயல்பான எண்ணம். ஓரளவுக்கு அது உண்மையுங்கூட. விநாடிக்கு 33, 66, 100, ஈற்றில் 133 மெகாபைற்று என விரைவு உயர்ந்தது. ஆயின் விரைவு கூடக்கூட இரு இடர்கள் தோன்றின. ஒரே வேளையிற் புறப்பட்ட பதினாறு பிற்றுகளும் ஒரே வேளையிற் சென்று சேரவேண்டும். ஒரு கம்பியில் வருவது சிறிது பிந்தினும் சொல் குழம்பிவிடும். அன்றியும், ஒரு கம்பியின் மின்னோட்டம் அயற்கம்பியைத் தாக்கும். இரண்டாவது இடரைத் தணிக்க, 66 மெகாபைற்று விரைவுக்கு வந்தபோது கம்பிகளுக்கிடையே தரவு சுமவாத நாற்பது கம்பிகளைச் சேர்த்து எண்பதாக்கினர். அதற்குமேற் செல்ல வழியில்லை.

அப்பொழுது தோன்றிய தீர்வு பொதுப் புத்திக்கு முரணானது போலத் தோன்றும். 2003 இல் வெளியான 'சாட்டா' என்னும் நியமம் பதினாறு கம்பிகளை விட்டொழித்து, போவதற்கு ஓர் இணை, வருவதற்கு ஓர் இணை எனக் குறைத்துக்கொண்டது. நிலத்தொடுப்புகளையும் சேர்த்து மொத்தம் ஏழே கம்பிகள். பிற்றுகள் அணியணியாகச் செல்லாது ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. ஆயின் மிக விரைந்து சென்றன. பக்கத்தில் ஓடுபவனுக்காகக் காத்திருக்கும் தேவை இல்லாதபோது ஒற்றை ஓட்டக்காரன் முழு வேகத்தில் ஓடலாமன்றோ? முதற் சாட்டா விநாடிக்கு 150 மெகாபைற்றும், அடுத்தது 300 மெகாபைற்றும், 2009 இல் வந்த மூன்றாவது 600 மெகாபைற்றும் கடத்தவல்லவாயின. இவை வடத்தின் விரைவு என்பதை மறத்தலாகாது. அக்காலத்து வன்தட்டுகள் 150 மெகாபைற்றையே எட்டாதிருந்தன. 600 மெகாபைற்று வடத்தோடு பிணைத்தமையால் ஒரு வன்தட்டு சிறிதும் விரையவில்லை. வாய்க்கால் அகன்றது, குளத்தின் வாய் அவ்வாறே இருந்தது.

வன்தட்டின் தடை இன்னொரு வகையிலும் கடுமையானது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்ற எட்டு மில்லிவிநாடிக்குச் சற்று அதிகம் ஆகின்றது. வாசிப்புத் தலை உரிய தடத்துக்கு நகர்வதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும். ஆதலால் தட்டின் பல்வேறு இடங்களிற் சிதறிக்கிடக்கும் சிறு சிறு கோப்புகளை எடுப்பதாயின், விநாடிக்கு எண்பது முறைக்கு மேல் எடுத்தல் அரிது. ஒவ்வொரு முறையும் நான்கு கிலோபைற்று எடுத்தால், விநாடிக்குக் கிடைப்பது ஒரு மெகாபைற்றில் மூன்றிலொரு பங்கு. தொடர்ந்து படிக்கும்போது 200 மெகாபைற்று தந்த அதே தட்டு, சிதறியதைப் படிக்கும்போது இந்நிலைக்கு இறங்கிவிடுகின்றது. ஒரு பெரிய திரைப்படத்தைப் பிரதிசெய்வது விரைவாகவும், அதே அளவு கொண்ட பதினாயிரம் சிறு கடிதங்களைப் பிரதிசெய்வது மந்தமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி, கணினியின் புறத்தே நிகழ்ந்த கதையைக் காண்போம். 1990களின் நடுப்பகுதி வரை கணினியின் பின்புறம் பலவகைத் துறைகள் நிறைந்திருந்தது. அச்சுப்பொறிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, தொலைபேசி மோடத்துக்கு ஒன்று என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். இக்குழப்பத்தை ஒழிக்க இன்டெல், மைக்ரோசொவ்ற், ஐ.பி.எம்., கொம்பாக், என்.ஈ.சி. முதலிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுகூடி 1996 ஜனவரியில் வெளியிட்ட நியமமே யூ.எஸ்.பி. அதன் உச்ச விரைவு விநாடிக்கு 12 மெகாபிற்று மட்டுமே. அதாவது ஒன்றரை மெகாபைற்று. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் அது தாராளம். வன்தட்டை இணைப்பதற்கு அது ஊசித்துளை. 1998 இல் அப்பிள் நிறுவனம் தன் ஐமாக் கணினியிற் பழைய துறைகளை நீக்கி யூ.எஸ்.பி.யை வைத்தபோது அது பரவத் தொடங்கியது. 2000 ஏப்ரலில் வந்த இரண்டாவது யூ.எஸ்.பி. 480 மெகாபிற்றுக்கு உயர்ந்தது.

அப்பிள் நிறுவனம் முன்னின்று வளர்த்து 1995 இல் நியமமான 'பயர்வயர்' அப்பொழுது அதனோடு போட்டியிட்டது. பயர்வயரின் எண் 400, யூ.எஸ்.பி.யின் எண் 480. எண்ணைப் பார்த்தோர் பின்னதே விரைவானது என எண்ணினர். உண்மையில் வன்தட்டிலிருந்து தரவைக் கடத்தும்போது பயர்வயரே முந்தியது. யூ.எஸ்.பி. இரண்டில் கணினி கேட்டாலன்றிச் சாதனம் வாய் திறத்தல் கூடாது. கேட்பதிலும் விடையளிப்பதிலுமே காலத்தின் ஒரு பகுதி கழிந்துவிடும். பயர்வயரிற் சாதனங்கள் தாமே பேசவல்லவை. எனினும் வென்றது யூ.எஸ்.பி.யே. பயர்வயரைப் பயன்படுத்தியோர் உரிமைக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அதன் மின்சுற்றும் விலை கூடியது. யூ.எஸ்.பி. மலிவானது, எவரும் எளிதிற் பொருத்தக்கூடியது. மிகச் சிறந்தது வெல்வதில்லை, மிகப் பலர் உடன்பட்டதே வெல்லும் என்பதற்கு வரலாற்றிலுள்ள சான்றுகளுள் இதுவும் ஒன்று.

இதற்கிடையே குளத்தின் இயல்பே மாறிற்று. ஜப்பானின் தொஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா என்பவர் 1980களில் 'பிளாஷ்' நினைவகத்தைக் கண்டார். அதன் 'நாண்ட்' என்னும் வகை 1987 இல் வெளிப்பட்டது. சுழலும் தட்டுமில்லை, நகரும் தலையுமில்லை. மின்சாரம் நின்றபின்னும் தரவு அழியாது. 2000 ஆம் ஆண்டில் விரலளவான யூ.எஸ்.பி. சேமிப்புத் துண்டுகளாக அது மக்கள் கைக்கு வந்தது. 2008 இல் இன்டெல் வெளியிட்ட எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகம் விநாடிக்கு 250 மெகாபைற்று தந்தது. அப்பொழுதிருந்த சாட்டாவின் எல்லை 300. ஐந்தாறு ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்த அகன்ற வாய்க்கால் ஒரே ஆண்டில் நிரம்பிற்று. மூன்றாவது சாட்டாவின் 600 மெகாபைற்றும் விரைவிற் போதாமற் போயிற்று. சாட்டாவிற் பொருத்தும் எஸ்.எஸ்.டி. யாவும் இன்றும் 550 மெகாபைற்றளவில் நின்றுவிடுவதற்குக் காரணம் சேமிப்பகத்தின் ஆற்றலின்மையன்று; வடத்தின் ஒடுக்கமே.

ஒடுக்கம் வடத்தில் மட்டுமன்று, உரையாடும் முறையிலும் இருந்தது. சாட்டாவின் உரையாடல் ஒழுங்கு சுழலும் தட்டை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டது. கட்டளைகள் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். அவ்வரிசையில் முப்பத்திரண்டுக்கு மேல் நிற்றலாகாது. ஒரேயொரு சாளரமுள்ள தபாற் கந்தோரை எண்ணிப் பார்க்க. உள்ளே இருப்பவர் ஒருவராயின் அது பொருந்தும். பலர் உள்ளே வேலையின்றி இருக்க, வெளியே ஒரு வரிசை நிற்பது பொருந்துமா? 2011 மார்ச்சில் வெளியான என்.வி.எம்.ஈ. என்னும் நியமம் அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட வரிசைகளையும், ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகளையும் அனுமதித்தது. சாட்டாவை விட்டு, கணினியின் உட்பெருந்தெருவாகிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியே சேமிப்பகம் நேரே இணைக்கப்பட்டது. அத்தெருவின் மூன்றாம் தலைமுறையில் விநாடிக்கு ஏறக்குறைய 3,500 மெகாபைற்றும், நான்காம் தலைமுறையில் 7,000 மெகாபைற்றும், ஐந்தாம் தலைமுறையில் 14,000 மெகாபைற்றும் தரும் சாதனங்கள் தோன்றின.

இவ்வாறு உள்ளே விரைவு பெருக, புறத்தேயும் யூ.எஸ்.பி. வளர்ந்தது. 2008 நவம்பரில் வந்த மூன்றாவது யூ.எஸ்.பி. விநாடிக்கு 5 கிகாபிற்று; 2013 இல் 10; 2017 இல் 20; 2019 இல் 40; 2022 இல் 80. விரைவு வளர்ந்தது நன்று. பெயர் வளர்ந்த முறைதான் வருந்தத்தக்கது. 2008 இல் 3.0 எனப் பெயரிடப்பட்டது, 2013 இல் '3.1 ஜென் 1' ஆயிற்று. 2017 இல் '3.2 ஜென் 1' ஆயிற்று. பெயர் மூன்று, விரைவு ஒன்றே. கடைக்குச் செல்பவர் '3.2' என்னும் எண்ணைக் கண்டு புதியது, விரைவானது என நம்பி வாங்குவது 2008 ஆம் ஆண்டின் விரைவாக இருக்கக்கூடும். 2014 இல் வந்த 'சி' வகைச் செருகி குழப்பத்தை மேலும் கூட்டிற்று. அது வடிவத்தின் பெயர், விரைவின் பெயரன்று. 2023 இல் வெளியான ஐபோன் 15 இல் 'சி' வகைத் துறை உண்டு. ஆயின் அதன் தரவு விரைவு 2000 ஆம் ஆண்டின் 480 மெகாபிற்றே. 2022 இல் நியமக் குழுவினர் பழைய பெயர்களை விடுத்து, விநாடிக்கு இத்தனை கிகாபிற்று என்னும் எண்ணையே பெட்டியிலும் வடத்திலும் பொறிக்குமாறு பரிந்துரைத்தனர். சொல்லுக்குப் பொருள் நிலையாக இல்லாதவிடத்து உடன்பாடும் நிலைக்காது என்பதை அவர்களும் உணர்ந்தனர் போலும்.

பிற்று, பைற்று என்னும் இரண்டையும் ஈண்டு பிரித்தறிதல் நன்று. வடத்தின் விரைவை உற்பத்தியாளர் பிற்றிற் கூறுவர். கோப்பின் பருமனைக் கணினி பைற்றிற் காட்டும். எட்டுப் பிற்று ஒரு பைற்று. 480 மெகாபிற்று என்பது 60 மெகாபைற்று. அதிலும் உரையாடலுக்கான செலவு போக, கையிற் கிடைப்பது முப்பதிலிருந்து நாற்பது வரையேயாம்.

இத்தனை வரலாற்றையும் ஒரு கணக்கினுள் அடக்கிப் பார்ப்போம். 100 கிகாபைற்று தரவைப் பிரதிசெய்ய வேண்டும் எனக் கொள்க. முதல் யூ.எஸ்.பி.யில் விநாடிக்கு ஒரு மெகாபைற்று கிடைப்பின், இருபத்தெட்டு மணிநேரம் ஆகும். இரண்டாம் யூ.எஸ்.பி.யில் முக்கால் மணிநேரத்துக்குச் சற்று மேல். மூன்றாம் யூ.எஸ்.பி.யில், விநாடிக்கு 120 மெகாபைற்று தரும் வன்தட்டாயின் பதினான்கு நிமிடம். 400 மெகாபைற்று தரும் எஸ்.எஸ்.டி.யாயின் நான்கு நிமிடம். இனி இரண்டு வினாக்களை எழுப்புவோம். மிக விரைவான எஸ்.எஸ்.டி.யை வாங்கி இரண்டாம் யூ.எஸ்.பி. துறையிற் பொருத்தினால் எவ்வளவு நேரமாகும்? அதே முக்கால் மணிநேரமே. மிக விரைவான துறையுள்ள கணினியை வாங்கிப் பழைய வன்தட்டைப் பொருத்தினால்? அதே பதினான்கு நிமிடமே. துறையும் சாதனமும் புதியனவாய், நடுவிலுள்ள வடம் மட்டும் பழையதாயின்? மீண்டும் முக்கால் மணிநேரம். பணம் எங்கே செலவானது என்பதன்று, ஒடுக்கம் எங்கே எஞ்சியிருக்கின்றது என்பதே கணக்கு.

இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. இன்று பாடசாலைகளின் மாணவர் பதிவுகளும், பரீட்சைப் பெறுபேறுகளும், பழைய மாணவர் மலர்களின் நிழற்படங்களும், கிராமத்துச் சங்கங்களின் கணக்குகளும் இத்தகைய சாதனங்களிலேயே வாழ்கின்றன. காப்புப் பிரதி எடுக்கவேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். ஆயின் பிரதியெடுக்க முழு இரவும் வேண்டுமென்றால், 'நாளை பார்த்துக்கொள்வோம்' என ஒத்திவைப்பது மனித இயல்பு. அந்த நாளை வருமுன் தட்டு பழுதாகிவிடுவதும் உண்டு. மந்தமான ஒரு வடம் ஒரு நிறுவனத்தின் நினைவையே அழிக்கக் காரணமாகலாம் என்பது மிகைக் கூற்றன்று. மறுபுறம், பெற்றோரும் பழைய மாணவரும் சேர்த்துத் தந்த சிறு நிதியைக் கொண்டு, பெட்டியிலுள்ள பெரிய எண்ணை நம்பி விலையுயர்ந்த சாதனத்தை வாங்கி, பதினைந்து ஆண்டு பழைமையான கணினியிற் பொருத்துவதும் நிகழ்கின்றது. அந்நிதியிற் பாதி, அறியாமைக்குக் கட்டிய வரியாகும். வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டாற் போதும்: சாதனம் எவ்வளவு தரும்? துறை எவ்வளவு ஏற்கும்? வடம் எவ்வளவு கடத்தும்? மூன்றினுட் சிறியதே விடை. கணினி மிகப் பழையதாயின், வன்தட்டை நீக்கி அதனுட் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்துவதே பெரும்பாலும் குறைந்த செலவிற் கூடிய பயன் தரும். ஏனெனில் அத்தகைய கணினிகளில் மிக ஒடுங்கிய இடம் சுழலும் தட்டே.

வரலாற்று மாணவன் இவ்வெண்களுக்கப்பாலும் ஒன்றைக் காண்பான். ரமாக்கைச் செய்தோரின் அறிவு வியத்தற்குரியது. பிளாஷ் நினைவகத்தைக் கண்டவரின் அறிவும் அவ்வாறே. ஆயின் அவ்வறிவு ஏழை மாணவனின் கைக்கு எட்டியது, போட்டியாளர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, 'இந்த முனையில் இந்தக் கம்பி, இந்தக் கேள்விக்கு இந்த விடை' என உடன்பட்டமையாலேயே. 1998 இல் வாங்கிய யூ.எஸ்.பி. விசைப்பலகை இன்றைய கணினியிலும் வேலை செய்கின்றது. அதனைச் செய்த நிறுவனம் அழிந்திருக்கலாம், உடன்பாடு அழியவில்லை. அதே உடன்பாட்டின் பெயர்கள் குழம்பியபோது, பணம் கொடுத்து வாங்கியவரே நட்டமடைந்தார். நியமம் என்பது வெறும் தொழினுட்பக் குறிப்பன்று. ஒருவரையொருவர் அறியாத மக்களுக்கிடையே செய்யப்பட்ட வாக்குறுதி. அதைச் செய்வோர் தெளிவாகச் செய்தலும், வாங்குவோர் அதனை வாசித்தறிதலும் இரு சாராரின் கடமையாகும்.